வாழைப்பழ மணம் தரும் அந்தச் செய்முறையைக் காரணத்தோடு எழுதுங்கள்: வேதியியல் செய்முறைக் கையேடு தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கையேட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டரின், அதாவது ஆல்கஹாலும் அமிலமும் இணைந்து தண்ணீர் வெளியேறி உண்டாகும் சேர்மத்தின், தயாரிப்பு பற்றி எழுதுகிறோம். கரிம வேதியியல் ஆய்வகத்துக்கு வரும் மாணவர் கையில் முதலில் கொடுக்கப்படும் தயாரிப்புகளில் இதுவும் ஒன்று. ஒரு ஆல்கஹால், ஒரு அமிலம், கொஞ்சம் கந்தக அமிலம், ஒரு மணி நேரக் கொதிப்பு. முடிவில் கூடம் முழுக்க வாழைப்பழ மணம். இதைப் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்க நாங்கள் வரவில்லை. சமநிலை, பிரித்தெடுப்பு, உலர்த்தல், காய்ச்சி வடித்தல் எல்லாம் ஒரே அமர்வில் அடங்கும் இவ்வளவு நல்ல தொடக்கப் பயிற்சி வேறு கிடைப்பது அரிது.

எங்கள் குறை அது அச்சாகும் விதத்தில் இருக்கிறது. 15 மி.லி. ஐசோஅமைல் ஆல்கஹால், 20 மி.லி. அசிட்டிக் அமிலம், 4 மி.லி. அடர் கந்தக அமிலம், ஒரு மணி நேரம் கொதிக்கவிடு, கழுவு, உலர்த்து, வடி. பல கையேடுகளில் இவ்வளவுதான் இருக்கிறது. அமிலம் ஏன் கூடுதல், முதலில் ஏன் வெறும் தண்ணீர், சோடியம் ஹைட்ராக்சைடு ஏன் கூடாது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் மாணவருக்கு மணம் கிடைக்கும். ஏதாவது பிசகினால், எந்தப் படியில் பிசகியது என்று தேட அவரிடம் ஒரு துப்பும் இருக்காது. அதனால் கேட்கிறோம்: ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு படிக்கும் பக்கத்திலேயே அதன் காரணத்தை எழுதுங்கள். அந்தக் காரணங்களைக் கீழே தருகிறோம். பயன்படுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவுகளிலிருந்து தொடங்குவோம். 15 மி.லி. ஐசோஅமைல் ஆல்கஹால் என்பது சுமார் 12.2 கிராம், அதாவது 0.138 மோல். 20 மி.லி. தூய அசிட்டிக் அமிலம் சுமார் 21 கிராம், 0.35 மோல். ஆக, அமிலம் இரண்டரை மடங்கு. இந்த வினை இரு திசையிலும் நடக்கும்; அது எந்த அளவில் நிற்கும் என்று சொல்லும் சமநிலை மாறிலி ஏறத்தாழ 4. இரண்டையும் சம மோல் அளவில் எடுத்தால் ஆல்கஹாலில் 67 விழுக்காடுதான் எஸ்டராகும். அமிலத்தை இரு மடங்காக்கினால் 85, இரண்டரை மடங்குக்கு 88, மூன்று மடங்குக்கு 90. ஓர் இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரிந்த எந்த மாணவரும் இந்த நான்கு எண்களையும் தானே கணக்கிட்டுவிடலாம். இரண்டரை மடங்குக்கு மேல் அமிலம் ஊற்றினால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு, பின்னால் கழுவி நீக்க வேண்டிய அமிலமோ கூடிக்கொண்டே போகும் என்பதும் அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். 20 மி.லி. என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும்.

சமநிலையை நகர்த்த ஆல்கஹாலைக் கூடுதலாக எடுத்தாலும் கணக்கு ஒன்றுதானே என்று கூர்மையான மாணவர் கட்டாயம் கேட்பார். கணக்கு ஒன்றுதான், வேலை வேறு. மிஞ்சும் அசிட்டிக் அமிலம் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும், கழுவினால் போய்விடும். மிஞ்சும் ஐசோஅமைல் ஆல்கஹால் தண்ணீரில் சரியாகக் கரையாது, 100 மி.லி. தண்ணீரில் இரண்டு மூன்று கிராம்தான் கரையும். வடித்துப் பிரிக்கலாம் என்றால் அதன் கொதிநிலை 132 °C, எஸ்டரின் கொதிநிலை 142 °C. சாதாரண வடிகலனில் பத்து டிகிரி வித்தியாசத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் சுத்தமாகப் பிரிக்க முடியாது. எனவே எதை எளிதில் நீக்க முடியுமோ அதைத்தான் கூடுதலாக எடுக்க வேண்டும். இந்த ஒரு வாதம் கரிமத் தயாரிப்புகள் பலவற்றுக்கும் பொருந்தும். கையேட்டில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கினால் போதும். இதுவரை அது இல்லாமல் போனது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

கந்தக அமிலம் வினையூக்கி என்று மட்டும் எழுதினால் பாதிதான் சொன்னதாகும். உருவாகும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு சமநிலையைச் சற்று முன்னே தள்ளவும் அது உதவுகிறது. அதைச் சேர்க்கும் முறையில்தான் தவறுகள் அதிகம். ஆல்கஹாலையும் அசிட்டிக் அமிலத்தையும் முதலில் குடுவையில் கலந்துவிட்டு, குடுவையைச் சுழற்றியபடியே கந்தக அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அதன் அடர்த்தி 1.84 என்பதால், ஒரேயடியாக ஊற்றினால் அடியில் போய்த் தங்கிவிடும். அந்த நிலையில் சூடேற்றினால் அடிப்பகுதி மட்டும் கருகும். மேலடுக்கும் கீழடுக்கும் திடீரென்று கலக்கும்போது குடுவை குமுறும். கொதித்து முடிந்த கலவை வெளிர் மஞ்சளாகவோ இளம்பழுப்பாகவோ இருந்தால் கவலை வேண்டாம். கருத்துப் பிசுபிசுப்பாக இருந்தால் சுழற்றாமல் ஊற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த நிற அடையாளத்தைக் கையேட்டில் சேருங்கள்.

திரவம் சீராகக் கொதிக்க உதவும் துளைகள் கொண்ட கொதிகற்களைச் சூடேற்றுவதற்கு முன்பே போட வேண்டும் என்பதற்கும் காரணம் எழுதுங்கள். ஏற்கெனவே கொதிநிலையைத் தாண்டிச் சூடான திரவத்தில் கல்லைப் போட்டால் அது ஒரே நேரத்தில் பொங்கிக் குளிர்விப்பானின் வாய் வழியாக வெளியே பாயும். அமிலம் கலந்த சூடான திரவம் முகத்தில் தெறிக்க இந்தச் சோதனையில் இருக்கும் முதல் வாய்ப்பு இதுதான். கல் போட மறந்துவிட்டால் சூட்டை நிறுத்தி, முழுவதும் ஆறவிட்டு, பிறகுதான் போட வேண்டும். ஒருமுறை கொதித்து ஆறிய கல் மறுமுறை உதவாது. அதன் துளைகளில் திரவம் நிறைந்திருக்கும், எனவே வடிக்கும் படிக்குப் புதிய கல் வேண்டும்.

மீள்கொதிப்பில், அதாவது ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும் கொதிப்பில், ஆவியின் வளையம் குளிர்விப்பானின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் சூடு அதிகம். தண்ணீர் கீழ்வாயில் நுழைந்து மேல்வாயில் வெளியேற வேண்டும், இல்லையென்றால் உறையில் காற்று தங்கிவிடும். குளிர்விப்பானின் மேல்வாயை ஒருபோதும் அடைக்கக் கூடாது. ஒரு மணி நேரம் போதுமா என்ற கேள்விக்கும் பதில் எழுதுங்கள். அந்த நேரத்தில் கலவை சமநிலையை நெருங்கிவிடும், அதற்குப் பிறகு கொதிக்கவிட்டால் நிறம்தான் கருக்கும், விளைச்சல் கூடாது. உண்மையிலேயே விளைச்சலைக் கூட்ட வேண்டுமானால் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். கொதிக்கும்போது வரும் தண்ணீரைப் பிடிகுழாயில் பிரித்து வைக்கும் டீன்-ஸ்டார்க் கலன் இருக்கும் கூடங்களுக்கு அதை மாற்றுவழியாகக் கொடுக்கலாம். 0.138 மோல் வினைக்கு 2.5 மி.லி. தண்ணீர் வர வேண்டும். பிடிகுழாயில் அந்த அளவைப் பார்த்தே வினை எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடலாம்.

சூடேற்றுவது எதைக் கொண்டு? இங்கே கையேடுகள் காட்டும் அலட்சியத்தை நாங்கள் ஏற்க முடியாது. எஸ்டரின் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலை, அதாவது ஃபிளாஷ் பாயிண்ட், 25 °C. அசிட்டிக் அமிலத்துக்கு 39 °C, ஐசோஅமைல் ஆல்கஹாலுக்கு 43 °C. வெயில் நாளில் திறந்து வைத்த எஸ்டர்ப் புட்டியின் வாயில் எரியக்கூடிய ஆவி தயாராக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனமானது. மேசைமேல் படர்ந்து, விளிம்பில் வழிந்து, அடுத்த மேசையில் எரியும் அடுப்பு வரை போய்ச் சேரும். ஆகவே மின்சூட்டு உறையோ, மின் தட்டின்மேல் வைத்த மணல் தொட்டியோ மட்டும்தான். பன்சன் அடுப்பும் சாராய விளக்கும் இந்தச் சோதனை நடக்கும் வேளையில் கூடத்தில் எங்குமே எரியக் கூடாது. "தீயிலிருந்து தள்ளி வைக்கவும்" என்ற பொத்தாம்பொதுவான எச்சரிக்கையை எடுத்துவிட்டு இந்த மூன்று வெப்பநிலைகளையும் ஆவியின் கனத்தையும் அச்சிடுங்கள்.

இனி, கழுவும் படி. அதிகம் பிசகுவது இங்கேதான், கையேடுகள் மிகக் குறைவாக எழுதுவதும் இங்கேதான்.

குடுவையைக் கையால் தொடும் சூட்டுக்கு ஆறவிட்டு, கலவையைப் பிரிபுனலில் (ஒன்றோடொன்று கலக்காத திரவ அடுக்குகளைப் பிரிக்கும், அடைப்புள்ள புனல்) ஊற்றி, 50 மி.லி. குளிர்ந்த தண்ணீர் சேர்க்க வேண்டும். ஏன் நேரடியாகச் சோடியம் பைகார்பனேட் சேர்க்கக் கூடாது? வினைக்குப் பிறகு ஏறத்தாழ 0.23 மோல் அசிட்டிக் அமிலம் மிஞ்சியிருக்கிறது. அது முழுவதும் பைகார்பனேட்டோடு வினைபுரிந்தால் ஐந்தரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும். கந்தக அமிலத்தின் பங்கு வேறு. 125 மி.லி. புனலில் ஐந்தரை லிட்டர்! தண்ணீரால் முதலில் கழுவும்போது இரு அமிலங்களிலும் பெரும்பகுதி சத்தமில்லாமல் கீழடுக்கோடு போய்விடும், பைகார்பனேட்டுக்கு மிச்சம் மீதிதான் வேலை.

அந்த மிச்சத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. 5 விழுக்காட்டுக் கரைசல் 25 மி.லி. எடுத்தால் அதில் 1.25 கிராம் பைகார்பனேட் இருக்கிறது. அது முழுதும் வினைபுரிந்தால் சுமார் 350 மி.லி. வாயு. புனலின் கொள்ளளவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எனவே கரைசலை ஊற்றியதும் மூடியைப் போடக் கூடாது. திறந்த நிலையிலேயே மெல்லச் சுழற்றி, நுரைப்பது அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு மூடி போட்டு, ஒரு முறை கவிழ்த்து, காம்பை யாரும் இல்லாத பக்கம் மேல்நோக்கி வைத்து, அடைப்பைத் திறந்து வாயுவை விட வேண்டும். "உஸ்" சத்தம் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்த பிறகுதான் குலுக்கலாம். இரண்டு முறை கழுவிய பின் கீழடுக்கின் ஒரு துளியை லிட்மஸ் தாளில் வைத்துப் பார்க்க வேண்டும். சிவந்தால் மூன்றாவது முறை. எத்தனை முறை கழுவுவது என்பதைக் கையேட்டின் எண் தீர்மானிக்கக் கூடாது, லிட்மஸ்தான் தீர்மானிக்க வேண்டும்.

சோடியம் ஹைட்ராக்சைடு நுரைக்காது, அதனால் அது வசதி என்று மாணவருக்குத் தோன்றும். அது அமிலத்தோடு நிற்காமல் எஸ்டரையும் தாக்கி மீண்டும் ஆல்கஹாலாகவும் அசிடேட்டாகவும் உடைக்கும். சூடும் அடர்த்தியும் கூடக் கூட அந்த உடைப்பு வேகமாகும். ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துச் செய்ததைச் சில நிமிடங்களில் பின்னோக்கி ஓட்டத் தொடங்குவதாகும். இதையும் எழுதுங்கள். நுரை தொல்லை தருகிறது என்பதற்காகக் காரத்தை மாற்றும் ஆசை இயல்பாக வருவதுதான்.

எந்த அடுக்கு எஸ்டர்? அடர்த்தி 0.876, ஆகவே மேலடுக்கு. சந்தேகம் வந்தால் புனலில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது எந்த அடுக்கில் போய்க் கலக்கிறதோ அதுதான் நீரடுக்கு. இந்தச் சோதனையில் விளைபொருள் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: தவறான அடுக்கைத் தொட்டியில் கொட்டிவிடுவது. வடித்து முடித்து எடை போடும் வரை எந்த அடுக்கையும் கொட்டாதே, ஒவ்வொன்றையும் பெயர் எழுதிய குவளையில் வை என்ற ஒரே வரியால் இதைத் தடுத்துவிடலாம். கடைசியாக 10 மி.லி. நிறை உப்புக் கரைசலால் ஒரு முறை கழுவினால் எஸ்டரில் கரைந்திருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி வெளியேறும். அடுக்குகள் பால்போல் கலங்கிப் பிரியாமல் நின்றாலும் அது பிரித்துக் கொடுக்கும்.

உலர்த்துவதற்கு நீரற்ற மெக்னீசியம் சல்பேட் ஒன்றிரண்டு கிராம், பத்து நிமிடம். தூள் முழுவதும் கட்டிபட்டு அடியில் ஒட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் போட வேண்டும். குடுவையைச் சுழற்றும்போது சில துகள்களாவது ஒட்டாமல் மிதந்து அலைய வேண்டும், திரவம் கலங்கலின்றித் தெளிய வேண்டும். கால்சியம் குளோரைடு வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை. ஆல்கஹாலோடு சேர்மம் உண்டாக்குவது இங்கே கெடுதல் இல்லைதான், ஆனால் எஸ்டர்களையும் அது ஓரளவு பிடித்து வைத்துக்கொள்ளும். வடிப்பதற்கு முன் உலர்த்தியை வடிகட்டி நீக்கியாக வேண்டும். அதோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பிடித்த தண்ணீரைத் திரும்ப விட்டுவிடும்.

உலர்த்துவதில் பொறுமை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பது வடிக்கும்போது கண்ணெதிரே தெரியும். தண்ணீரும் எஸ்டரும் சேர்ந்து சுமார் 94 °C-யிலேயே ஒன்றாக ஆவியாகி வரும். வெப்பமானி 142-ஐக் காட்டும் என்று காத்திருக்கும் மாணவர், 94-இல் கலங்கலான துளிகள் விழுவதைப் பார்த்துக் குழம்பிப்போவார். கருவி கெட்டுவிட்டது என்று நினைப்பவரும் உண்டு. கருவியில் பழுதில்லை, எஸ்டர் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அந்தத் துளிகளைத் தனியே பிடித்து, உலர்த்தி, மீண்டும் குடுவையில் சேர்க்கலாம். கையேட்டில் இது இருந்தால் ஓர் அமர்வு வீணாகாது. குடுவை, குளிர்விப்பான், ஏற்பி எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும் என்ற வரிக்கும் காரணம் இதுவே.

வெப்பமானியின் குமிழ் பக்கக் குழாய்க்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஆவி அதை முழுவதும் சூழாமல் வெப்பநிலை குறைவாகக் காட்டும், மாணவர் நல்ல எஸ்டரைக் கழிவு என்று நினைத்து ஒதுக்கிவிடுவார். 136 முதல் 143 °C வரை வருவதைச் சேகரிக்கலாம். அதற்கு முன் வருவதில் ஆல்கஹால் அதிகம் இருக்கும். குடுவையில் ஒரு மி.லி. அளவு மிஞ்சும்போது சூட்டை நிறுத்திவிட வேண்டும், வறண்டு போகும் வரை வடிக்கக் கூடாது.

மதிப்பெண் பற்றி ஒன்று. கோட்பாட்டளவில் முழு விளைச்சல் 17.9 கிராம். சமநிலை அனுமதிப்பது சுமார் 15.8 கிராம். கழுவலிலும் குடுவைச் சுவரிலும் போவதைக் கழித்தால் 11 முதல் 13 கிராம் என்பது நல்ல வேலை. ஒருவர் 17 கிராம் என்று எழுதினால் அவருக்குக் கூடுதல் மதிப்பெண் தரக் கூடாது. அதில் தண்ணீரோ ஆல்கஹாலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடைக்கு மதிப்பெண் தரும் கையேடு, ஈரமான எஸ்டரைக் கொண்டுவருபவரைப் பாராட்டி, ஒழுங்காக உலர்த்தியவரைத் தண்டிக்கிறது. கொதிநிலை வரம்புக்கும், ஒளிவிலகல் எண்ணுக்கும் மதிப்பெண் கொடுங்கள். தூய எஸ்டருக்கு 20 °C-யில் அது 1.400, ஆல்கஹாலுக்கு 1.407 அளவில். அகச்சிவப்பு நிறமாலை எடுக்க வசதி இருந்தால் 1740 செ.மீ.⁻¹ அலையெண்ணில் எஸ்டரின் உச்சம் தெரிய வேண்டும். 3300-ஐ ஒட்டி அகன்ற பட்டை தெரிந்தால் ஆல்கஹால் இன்னும் போகவில்லை.

தொடங்கும் பொருள் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. புட்டியில் வெறும் "அமைல் ஆல்கஹால்" என்று இருந்தால் அதை அப்படியே நம்பக் கூடாது. நேர்ச்சங்கிலிப் பென்டைல் ஆல்கஹாலிலிருந்து வரும் எஸ்டர் 149 °C-யில் கொதிக்கும். நொதித்தலின் துணைப்பொருளான ஃபியூசல் எண்ணெயிலிருந்து பிரித்த ஐசோஅமைல் ஆல்கஹாலில் 2-மெத்தில்பியூட்டேன்-1-ஆல் என்ற மாற்றியமும் கலந்திருப்பது வழக்கம். அதன் எஸ்டரின் கொதிநிலை 142-க்கு மிக நெருக்கம் என்பதால் வடித்தலில் பிரியாது. கையேட்டில் பொருளின் முழுப்பெயரை, 3-மெத்தில்பியூட்டேன்-1-ஆல் என்று எழுதுங்கள்.

வடிகலன் இல்லாத பள்ளிக் கூடங்களுக்காகச் சோதனைக்குழாய் முறையையும் தருகிறீர்கள், நல்லது. ஒரு மி.லி. ஆல்கஹால், ஒரு மி.லி. அசிட்டிக் அமிலம், மூன்று நான்கு துளி கந்தக அமிலம். 60 முதல் 70 °C வெந்நீரில் பத்து நிமிடம். தண்ணீரை வேறிடத்தில் காய்ச்சிக் குவளையில் கொண்டுவந்தால் தீயே வேண்டியதில்லை. ஆனால் குழாயின் வாயில் மூக்கை வைக்கச் சொல்லும் கையேடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கே முதலில் ஏறுவது மீந்த அசிட்டிக் அமிலத்தின் காரமும், இருமல் வரவழைக்கும் ஆல்கஹாலின் நெடியும்தான். குழாயில் இருப்பதை ஒரு குவளை நீர்த்த சோடியம் கார்பனேட் கரைசலில் மெல்ல ஊற்ற வேண்டும். அமிலம் நடுநிலையாகிக் கரையும், எஸ்டர் மேலே மெல்லிய படலமாக மிதக்கும், மணம் தெளிவாகத் தெரியும். அதையும் கையால் விசிறித்தான் முகர வேண்டும்.

மணம் இனிமையாக இருப்பதாலேயே இந்தப் பொருள்மேல் ஓர் அசட்டையான நம்பிக்கை வந்துவிடுகிறது. அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா, எட்டு மணி நேரப் பணிக்கு வைத்திருக்கும் வரம்பு பத்து லட்சத்தில் 100 பங்கு. ஒரு மி.லி. எஸ்டர் முழுவதும் ஆவியானால் சுமார் 165 மி.லி. ஆவி. 200 கன மீட்டர் கூடத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தொடாது, ஆனால் மூக்கு அதை உடனே கண்டுகொள்ளும். அதே கூடத்தில் இருபது குழுக்கள் ஆளுக்கு 5 மி.லி. சிந்தினாலும், திறந்து வைத்தாலும் 80 பங்கைத் தாண்டிவிடும். அப்போது தலைவலியும் தொண்டை எரிச்சலும் வருவதில் வியப்பில்லை. இதில் ஆபத்து என்னவென்றால், அதற்குள் மூக்கு பழகிப்போய் மணமே குறைந்ததுபோல் இருக்கும். ஆக, மணம் வருவதால் அளவு அதிகம் என்றும் சொல்ல முடியாது, மணம் குறைந்ததால் காற்று சுத்தமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. சன்னல்களைத் திறப்பதும், ஏற்பியை மூடி வைப்பதும், சிந்தியதை உடனே துடைத்து மூடியுள்ள கழிவுக்கலனில் போடுவதும்தான் வழி.

மூக்கின் இந்தக் கூர்மையும் களைப்பும் பாதுகாப்புத் துறைக்கே பயன்படுகின்றன. முகக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஓஷா நெறிமுறைகளில் ஒன்று இதே எஸ்டரைத்தான் பயன்படுத்துகிறது. கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய கவசத்தை அணிந்து ஒருவர் கூடாரம் போன்ற உறைக்குள் நிற்பார், 0.75 மி.லி. எஸ்டர் நனைத்த தாள் உள்ளே தொங்கவிடப்படும். வாழைப்பழ மணம் வந்தால் கவசம் பொருந்தவில்லை. அவர் மூக்கால் அந்த மணத்தை அறிய முடிகிறதா என்று முதலில் சோதிக்கும் இடமும், கவசத்தைச் சோதிக்கும் இடமும் தனித்தனி அறைகளாக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே அறையானால் மூக்கு முன்பே பழகிவிடும். கையேட்டின் முன்னுரையில் வாசனைத் திரவியம், மிட்டாய் என்று எழுதும் இடத்தில் இதை எழுதினால் மாணவர் அடுத்த ஒரு மணி நேரத்தில் தன் மூக்கைப் பற்றி விழிப்போடு இருப்பார்.

மிட்டாய் என்றதும் இன்னொன்று. இது சுவையூட்டி என்று முன்னுரையில் எழுதிவிட்டு, செய்ததைச் சுவைக்கக் கூடாது என்று எங்கும் எழுதாமல் விடுவது பொறுப்பில்லாத செயல். உணவுத் தர எஸ்டர் அதற்கென்ற மூலப்பொருளிலிருந்து, அதற்கென்ற கலன்களில் செய்து, சோதித்து, மிக மிக நீர்த்த அளவில் சேர்க்கப்படுவது. ஆய்வகக் குடுவையில் முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரு துளியும் நாக்கில் படக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள்.

கரைப்பான் என்ற முகத்தையும் மறக்கக் கூடாது. நைட்ரோசெல்லுலோஸ் அரக்கையும் நகப்பூச்சையும் கரைக்கும் இந்தத் திரவம், பாலிஸ்டைரீன் குவளையையும் அதே போலக் கரைத்து உருக்குலைத்துவிடும். ரப்பர் அடைப்பான்கள் ஊதிப்போகும். சாதாரண மெல்லிய கையுறை நீண்ட நேரம் தாங்காது, சிந்தியதும் கழற்றி மாற்ற வேண்டும். பொருளைக் கண்ணாடிப் புட்டியில், டெஃப்லான் உள்வளையம் கொண்ட மூடியோடு வையுங்கள் என்று எழுதுங்கள். நெகிழி அளவுகுழாயின் கோடுகள் அழிந்துபோவதும் இதனால்தான்.

முன்னுரைக்கு இன்னும் இரண்டு செய்திகள். பெனிசிலினைப் பூஞ்சை வளர்ந்த கரைசலிலிருந்து பிரித்தெடுத்த ஆரம்பகால முறைகளில் அமைல் அசிடேட் இருந்தது. கரைசலைக் குளிரவைத்து அமிலமாக்கினால் மருந்து எஸ்டர் அடுக்குக்குப் போகும், பிறகு நடுநிலையான நீருக்குத் திரும்ப வரும். பிரிபுனலில் மாணவர் அமிலத்தை நீருக்கு அனுப்புவதும் அதே கொள்கைதான். அடுத்தது தேனீ. கொட்டும்போது தேனீ வெளிவிடும் எச்சரிக்கை மணத்தின் முக்கியக் கூறு ஐசோஅமைல் அசிடேட் என்று போக், ஷியரர், ஸ்டோன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1962-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். இது வெறும் சுவையான தகவல் அல்ல. இந்தச் சோதனையை முடித்த மாணவர் அதே உடையோடு தேன்கூட்டின் பக்கம் போகக் கூடாது. சன்னலுக்கு வெளியே கூடு இருந்தால் அந்த இடம் இச்சோதனைக்கு ஏற்றதல்ல.

கழிவைப் பற்றிச் சுருக்கமாக: நடுநிலையான நீரடுக்குகளைத் தொட்டியில் விடலாம். எஸ்டரும், வடித்தலில் முதலில் வந்து ஒதுக்கிய பகுதியும், குடுவையின் மிச்சமும் ஹாலஜன் இல்லாத கரிமக் கழிவுக்கலனுக்குப் போக வேண்டும். எஸ்டர் தண்ணீரில் அரிதாகவே கரைவதால் வடிகாலில் ஊற்றினால் மேலே மிதந்து குழாய் முழுக்க எரியும் ஆவியைப் பரப்பும்.

இவ்வளவுக்கும் பக்கம் கிடைக்காது என்று நீங்கள் சொல்லலாம். வேதிவினைச் சமன்பாட்டை மூன்று விதமாக எழுதிக் காட்டும் பத்தியைச் சுருக்கினாலே பாதி இடம் கிடைக்கும். அப்படியும் முடியாதென்றால் அடுத்த பதிப்பில் மூன்றை மட்டுமாவது சேருங்கள்: தண்ணீர்க் கழுவல் ஏன் பைகார்பனேட்டுக்கு முன்னால் வருகிறது, எஸ்டரின் ஃபிளாஷ் பாயிண்ட் 25 °C என்ற எண், எடை போடும் வரை எந்த அடுக்கையும் கொட்டாதே என்ற வரி. திருத்திய பக்கத்தை அச்சுக்கு அனுப்புமுன் ஒருமுறை கூடத்தில் செய்துபார்க்க ஆள் வேண்டுமானால், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
வேதியியல் செய்முறை ஆசிரியர்களும் ஆய்வக உதவியாளர்களும்